ரெண்டும் ஒத்துப்போகணும்

ஹெல்மெட்ட அந்தச் செருப்பு ஸ்டாண்டு மேலயே வச்சிருங்கம்மா, ஒண்ணும் ஆகாது. லிப்டு ரெண்டு நாளா ஓடல. நாலு மாடி ஏறி வந்திருக்கீங்க, முதல்ல உக்காருங்க. அதுல வேண்டாம், அந்தச் சேர் ஆடும். இதுல உக்காருங்க, பேன் காத்து வரும்.

மூணு தடவ போன் பண்ணேன்னு சொல்றீங்க. பண்ணியிருப்பீங்க. தெரியாத நம்பர்னா நான் எடுக்கறதில்ல. மெயிலும் வந்துச்சு. பாத்தேன், பதில் போடல. நேர்ல ஆள் வருவாங்கன்னு நெனக்கல. பேர் என்ன சொன்னீங்க? தமயந்தி. சரி.

என்ன வேணும்னு இன்னொரு தடவ சொல்லுங்க. பெனிட்டா சேவியர். ஆமா, எங்க கம்பெனிலதான் இருந்துச்சு, என் டீம்லதான். மூணு வருஷம் ரெண்டு மாசம். இப்ப வேற கம்பெனில வேலை கிடைச்சிருக்கு, சேக்கறதுக்கு முன்னாடி பழைய இடத்துல விசாரிச்சு எழுதிக் குடுக்கறது உங்க ஏஜென்சி வேலை. புரியுது. திங்கக்கிழமைக்குள்ள இந்த பாரம் போகணும், போகலேன்னா அந்த வேலை இல்ல. அதுவும் புரியுது. எச்.ஆர்.ல கேட்டுட்டீங்களா? என்ன சொன்னாங்க? 'விதிமீறல், பணி நீக்கம்.' ரெக்கார்டுல இருக்கறதத்தான சொல்வாங்க, அவங்களத் தப்பு சொல்ல முடியாது.

அப்ப என்கிட்ட எதுக்கு வந்தீங்க?

ஓ. அந்தப் புதுக் கம்பெனில மனசு வந்து ஒரு வாய்ப்பு குடுத்திருக்காங்க. பழைய இடத்துல உனக்காகப் பேசறதுக்கு ஒரே ஒருத்தர் பேர் குடுன்னு கேட்டிருக்காங்க. அது என் பேரக் குடுத்திருக்கு. நல்லாப் பாருங்கம்மா, வேற யாராவது இருக்கப்போறாங்க. சௌந்தரபாண்டியன், சீனியர் ஆர்க்கிடெக்ட். ஆமா, நான்தான். டீம்ல பதினோரு பேர் இருந்தோம். அதுகூட உக்காந்து சாப்ட்ட பொண்ணுங்க மூணு பேரு இருந்தாங்க. எதுக்கு என் பேரக் குடுத்துச்சுன்னு தெரியல.

ரெண்டே கேள்விதானா. 'வேலையை விட்டதற்கான காரணம், உங்களுக்குத் தெரிந்தவரை.' அடுத்தது, 'இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா, ஆம், இல்லை.' கீழ கையெழுத்து. காலியா விட்டா என்ன செய்வாங்க? இல்லைன்னே எடுத்துக்குவாங்களா? அப்படியா.

எனக்கு அந்தப் பொண்ணு மேல ஒரு வருத்தமும் இல்லம்மா. அத முதல்லயே சொல்லிடறேன்.

காரணம்னு கேட்டா, அது ரெண்டு வார்த்தைல வராது. உங்களுக்கு நேரம் இருக்கா? இருங்க, காப்பி போடறேன். வீட்ல டீச்சரு, சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் வச்சுட்டாங்க. நான் போடற காப்பி சுமாராத்தான் இருக்கும்.

இந்தாங்க, எடுத்துக்குங்க. சூடா இருக்கு, டபராவோட பிடிங்க.

எங்க கம்பெனி ஆஸ்பத்திரிக்கு மெஷின் பண்ணுது. ஐ.சி.யூ.ல கட்டில் பக்கத்துல ஒண்ணு நிக்கும், பாத்திருப்பீங்க. மருந்த சொட்டுச் சொட்டா ஏத்திட்டே இருக்கும். பம்ப்னு சொல்வோம். அதுக்குள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கு. அந்தக் கம்ப்யூட்டரோட அடிமட்டத்துல ஓடறதுக்குப் பேரு கர்னல். மேல நீங்க பாக்கற படம், பட்டன், சத்தம் எல்லாம் அது சரின்னு சொன்னாத்தான் நடக்கும். நான் அந்த அடிமட்டத்துல வேலை பாக்கறவன். இருபத்தஞ்சு வருஷமா அங்கதான் இருக்கேன். வெளிச்சம் வராத இடம்னு வீட்ல கிண்டல் பண்ணுவாங்க.

உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய நின்னு பாக்க முடியாது. அதனால அதையே எழுதச் சொல்லிருவோம். இத எடுத்தேன், அந்த இடத்துல வச்சேன், அங்கேருந்து திரும்ப எடுத்தேன்னு வரி வரியா எழுதிட்டே போகும். ட்ரேஸ்னு பேரு. ஏதாவது கெட்டுப் போச்சுன்னா அந்த வரிங்களப் படிச்சு எங்க கெட்டுச்சுன்னு கண்டுபிடிக்கணும். அதுதான் என் பொழப்பு.

இடத்துல வச்சேன்னு எழுதுது இல்ல, அந்த இடத்துக்கு ஒரு முகவரி இருக்கும். பதினாறு எழுத்து, நம்பரும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்து. அந்த முகவரிய அப்படியே வெளிய காட்டக் கூடாது. காட்டினா என்ன ஆகும்னா, வீட்டுச் சாவிய எந்தப் பூந்தொட்டிக்கு அடியில வச்சிருக்கோம்னு வாசல்ல எழுதி ஒட்டற மாதிரி ஆயிடும். எவனாவது உள்ள பூந்து மெஷினத் தன் இஷ்டத்துக்கு ஆட்டி வைப்பான். ஆஸ்பத்திரி மெஷின் வேற. அதனால கர்னலே என்ன செய்யும்னா, உண்மையான முகவரிக்குப் பதிலா ஒரு பொய் முகவரிய எழுதும்.

பொய்தான், ஆனா ஒழுங்கான பொய். ஒரு இடத்துக்கு ஒரு பொய்தான். பத்து தடவ அந்த இடம் வந்தாலும் பத்து தடவையும் அதே பொய். அதனால உண்மை தெரியாட்டியும், இந்த வரில சொன்ன இடமும் அந்த வரில சொன்ன இடமும் ஒண்ணுதான்னு சொல்லிடலாம். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா ஒரே இடம். ஒத்துப்போகலேன்னா வேற இடம். எங்க வேலைக்கு அது போதும்.

ஒரே ஒரு விஷயம். மெஷின் நின்னு திரும்ப ஓட ஆரம்பிச்சா, கர்னல் புதுசா பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதே இடத்துக்கு வேற நம்பர் சொல்லும். அதனால நேத்து சொன்ன பொய்யையும் இன்னிக்குச் சொன்ன பொய்யையும் பக்கத்துல வச்சுப் பாக்கக் கூடாது. பாத்தா ஒரே ஆளக் கூட வேற ஆளுன்னு சொல்லிருவோம். புதுசா சேர்ற ஒவ்வொருத்தருக்கும் முத நாளே இதச் சொல்லிருவேன். பெனிட்டாவுக்கும் சொன்னேன். அது நோட்டுல எழுதி ரெண்டு கோடு வேற போட்டுச்சு. நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா யாரும் நோட்டு கொண்டு வர்றதில்ல இப்பல்லாம்.

கம்பெனில கோட் எழுதறதுக்கு இருபத்திரண்டு ரூல் உண்டு. பதினேழாவது ரூல் நான் எழுதினது. 'உண்மையான முகவரி எந்த வரியிலும் வெளியே வரக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும்.' அந்த 'எந்தக் காரணத்துக்காகவும்'கறத டைரக்டர் வேண்டாம்னாரு. நான்தான் இருக்கட்டும்னு சேத்தேன். யாராவது மீறினா தானா ஒரு மெயில் எனக்கு வரும். அந்த ஏற்பாடும் நான் பண்ணதுதான்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நீங்க பாரத்துல எழுதப்போற விதிமீறல் இருக்கே, அது இந்தப் பதினேழுதான்.

போன வருஷம் ஆடி மாசம். பம்பெல்லாம் திடீர்னு நிக்க ஆரம்பிச்சிருச்சு. நாலு செகண்டு நிக்கும், அப்புறம் தானா திரும்ப ஓடும். நாலு செகண்டுதானேன்னு நமக்குத் தோணும். படுத்திருக்கறவங்களுக்கு ரத்த அழுத்தம் அந்த மருந்துலதான் நிக்குதுன்னா நாலு செகண்டு ரொம்பப் பெரிசு. நல்லவேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல, நர்ஸுங்க பாத்துட்டாங்க. ஒரு ஆஸ்பத்திரிலேருந்து முப்பத்தாறு பம்ப திருப்பி அனுப்பிட்டாங்க. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு ஸ்டிக்கர். 'நம்ப முடியாது'ன்னு கையால எழுதியிருந்துச்சு. அத ஒவ்வொண்ணா உரிச்சு எடுத்தது யாருன்னு நெனக்கிறீங்க, பெனிட்டாதான். மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு உரிச்சுச்சு.

ஏன் நிக்குதுன்னு பாத்தா, யாரோ ஒருத்தர் தன் இடமில்லாத இடத்துல எழுதறாங்க. அதுவரைக்கும் தெரிஞ்சு போச்சு. யாருங்கறதுதான் கேள்வி. ரெண்டு பேர் கோட் மேல சந்தேகம். ஒண்ணு நான் பத்து வருஷத்துக்கு முன்ன எழுதினது, இடத்தப் பங்கு போட்டுக் குடுத்துத் திரும்ப வாங்கற கோட். இன்னொண்ணு பெனிட்டா எழுதினது, ஸ்கிரீனத் தொட்டா வேலை செய்யற கோட், ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டி. எல்லார் கண்ணும் அது மேலதான் இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. அதயும் எழுதிக்குங்க, நான் யாரையும் கை காட்டல.

வியாழக்கிழமை மீட்டிங். டைரக்டர், எச்.ஆர்., எங்க டீம். என்னப் பேசச் சொன்னாங்க. நான் ரெண்டு வரிய ஸ்கிரீன்ல போட்டேன். முதல் வரி, பம்ப் நிக்கறதுக்கு முன்னாடி கடைசியா எழுதினது. தப்பான இடத்துல எழுதின கோட் எங்க உக்காந்திருக்குங்கற முகவரி அதுல இருக்கு. பொய் முகவரிதான். ரெண்டாவது வரி, என் கோட் எந்த இடத்துல உக்காந்திருக்குன்னு சொல்ற வரி. என் கோட் எப்பவும் ஒரே இடத்துலதான் உக்காரும், அதுல மாத்தமே கிடையாது. முதல் நம்பர் ஏழு சி-ல முடியுது. ரெண்டாவது இ ஒண்ணுல முடியுது. 'ரெண்டும் ஒத்துப்போகல, அதனால இது என் இடம் இல்ல'ன்னேன். டைரக்டர் தலைய ஆட்டினாரு. எல்லாரும் ஆட்டினாங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகல.

என்ன தப்புன்னு உங்களுக்கே புரிஞ்சிருச்சு போல. சொல்லுங்க. ஆமா. ரெண்டாவது வரி, பம்ப் நின்னு திரும்ப ஓடினதுக்கு அப்புறம் எடுத்தது. நேத்துப் பொய்யையும் இன்னிக்குப் பொய்யையும் பக்கத்துல வச்சுட்டேன். ஊருக்கெல்லாம் சொல்றவன், நானே வச்சுட்டேன்.

தெரிஞ்சு செஞ்சீங்களான்னு கேக்கறீங்க. தெரியலம்மா. தினமும் பல்லு விளக்கறோம், பஸ் ஸ்டாப்ல வந்து நின்னதும் இன்னிக்கு விளக்கினோமான்னு சந்தேகம் வரும் பாருங்க. விளக்கியிருப்போம். விளக்காமலும் இருந்திருப்போம். அப்படித்தான் இருக்கு அன்னிக்கு நெனச்சுப் பாத்தா.

மீட்டிங்லயே பெனிட்டா கைய பாதி தூக்குச்சு, அப்புறம் முடியச் சரி பண்ற மாதிரி இறக்கிக்கிச்சு. நான் பாத்தேன். நாலு மணி டீக்கு எல்லாரும் போனப்புறம் என் சீட்டுக்கு வந்துச்சு. நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணு. 'சார், மொத நம்பர் நிக்கதுக்கு முன்ன உள்ளது, ரெண்டாவது திரும்ப ஓடின பொறவு உள்ளதுல்லா சார். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கப்பிடாதுன்னு நீங்கதான சார் சொல்லித் தந்தீங்க'ன்னு சொல்லுச்சு. மெதுவாத்தான் சொல்லுச்சு, பக்கத்து சீட்டுக்குக் கேக்காத மாதிரி.

அப்ப எனக்குள்ள ஒண்ணு சில்லுன்னு இறங்குச்சு. பயம்னும் சொல்லலாம், வெக்கம்னும் சொல்லலாம். அதுதான் கடைசிம்மா. அதுக்கப்புறம் அந்த மாதிரி எனக்கு எதுவுமே இறங்கல. போன மாசம் எங்க சின்ன மாமா தவறிட்டாரு, தூக்கி வளத்தவரு. போனேன், மால போட்டேன், வந்தேன்.

'பாக்கறேம்மா'ன்னேன். அது போயிடுச்சு.

பாக்கல. அடுத்த நாளும் பாக்கல. அது தினமும் காலைல வந்து என் சீட்டப் பாத்துட்டுப் போகும், கேக்காது. ஒரு வாரம் ஆச்சு. அந்தப் பொண்ணோட கோட மொத்தமா எடுத்துடறதுன்னு முடிவாகி சுற்றறிக்கை தயாராகிட்டு இருந்துச்சு. அப்பதான் அது லேப்ல ஒரே ஒரு பம்ப எடுத்து, அதுல ஒரே ஒரு வரி சேத்து, உண்மையான முகவரிய எழுத வச்சிருச்சு. உண்மையான முகவரின்னா பம்ப் நின்னு ஓடினாலும் மாறாது இல்ல, என் இடம் எப்பவும் ஒரே இடம்தான். ரூலு குறுக்க நிக்கும், மீறறதுன்னா காரணம் எழுதணும். அது என்ன எழுதுச்சு தெரியுமா? 'சரிபார்க்க.' அவ்வளவுதான். மூணு நாள் அந்தப் பம்ப் பக்கத்துலயே இருந்துச்சு.

மூணாவது நாள் மத்தியானம் ஒரு பேப்பரக் கொண்டாந்து என் டேபிள்ல வச்சுச்சு. ரெண்டு வரி. பச்சக் கலர்ல கோடு போட்டிருந்துச்சு. தப்பா எழுதின கோட் உக்காந்திருந்த இடமும் என் கோட் இடமும். பதினாறு எழுத்தும் ஒண்ணு. 'சார், டைரக்டர் கிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நல்லாருக்காது'ன்னுச்சு.

நான் அந்தப் பேப்பர ரொம்ப நேரம் பாத்துட்டு, 'உண்மை முகவரிய பிரிண்ட் பண்ண உனக்கு யாரு பர்மிஷன் குடுத்தா?'ன்னு கேட்டேன்.

ரூல் ரூல்தானம்மா. அது எனக்கும் சேத்துத்தான. அப்படித்தான் அப்ப தோணுச்சு. அது என்னப் பாத்துட்டே நின்னுச்சு. கோபம்லாம் இல்ல. பஸ்ஸ விட்டுட்டவங்க ரோட்டப் பாப்பாங்களே, அப்படி.

ரூலு மீறினதுக்கு எனக்குத் தானா மெயில் வந்திருந்துச்சு. மூணு நாளா பெட்டில கிடந்துச்சு. அத டைரக்டருக்கும் எச்.ஆருக்கும் அனுப்பினேன். மேல ஒரு வார்த்த எழுதல. 'தகவலுக்காக', அவ்வளவுதான். நான் யாரையும் வேலைய விட்டு எடுக்கச் சொல்லல. வந்த மெயில அனுப்பினேன். நீங்க என் இடத்துல இருந்தா அனுப்பமாட்டீங்களா?

சரி, விடுங்க.

அன்னிக்கு சாயங்காலமே கூப்பிட்டாங்க. ஆஸ்பத்திரி மெஷின், முகவரி வெளிய போனா லைசென்ஸே போயிடும்னு டைரக்டர் பயந்துட்டாரு. வெளிய எங்கயும் போகல, லேப்லதான் இருந்துச்சு, ஆனா பயம் பயம்தான. லேப்டாப்ப வாங்கிக்கிட்டாங்க. செக்யூரிட்டி கூடவே போய் லிப்ட்ல ஏத்தி விட்டாரு. எச்.ஆர். ரூம்ல அது ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சாம். 'சௌந்தர் சார் கிட்ட கேளுங்க, அவருக்குத் தெரியும்'னு. எச்.ஆர்.லேருந்து என் எக்ஸ்டென்ஷனுக்குப் போன் வந்துச்சு. அடிச்சுச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன். எடுக்கல. அவங்க ரெண்டாந்தடவ பண்ணல.

ஆமாம்மா. அப்ப ஒரு தடவ என் பேரச் சொல்லுச்சு. இப்ப ரெண்டாந்தடவ. அத நானும் யோசிக்காம இல்ல.

அடுத்த திங்கக்கிழம என் கோட்ல ஒரு வரிய ரெண்டு வரி மேல தூக்கி வச்சேன். அவ்வளவுதான் அந்த வியாதி. என்ன மாத்தினோம்கற குறிப்புல 'சிறு ஒழுங்குபடுத்தல்'னு எழுதினேன். அதே வாரம் பெனிட்டா கோடையும் எடுத்துட்டாங்க. பம்ப் நிக்கறது நின்னு போச்சு. அந்தப் பொண்ணு கோட எடுத்ததாலதான் சரியாச்சுன்னு எல்லாரும் நெனச்சாங்க, நான் அப்படிச் சொல்லல. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்பாங்க. தீபாவளிக்கு முன்னாடி எனக்கு ஒரு ஷீல்டு குடுத்தாங்க. உங்களுக்குப் பின்னாடி ஷோகேஸ்ல இருக்கு பாருங்க, கண்ணாடில. வீட்ல அதத் தொடச்சுத் தொடச்சு வைக்கறாங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது. காரணம் கேப்பாங்க.

வீட்ல ஒரு நாள் என்ன பண்ணாங்க தெரியுமா. என் நாக்கு செத்துப் போச்சுன்னு அவங்களுக்கு ஒரு சந்தேகம். எதப் போட்டாலும் நல்லாருக்குன்னு சாப்பிடறேனாம். வேணும்னே ஒரு நாள் சாம்பார்ல உப்பே போடாம ஊத்தினாங்க. நான் ரெண்டாந்தடவ வாங்கிச் சாப்ட்டேன். அதுக்கப்புறம் டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. டாக்டரு நாக்க நீட்டச் சொல்லிப் பாத்துட்டு, வயசாச்சில்லன்னாரு. அம்பத்தி நாலு. திரும்பி வரும்போது அவங்க ஆட்டோல அழுதுட்டே வந்தாங்க. எனக்கு எதுக்கு அழறாங்கன்னு புரியல.

இருங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டறேன்.

எல்.ஐ.சி. பைல்ல வச்சிருக்கேன். அதுல வீட்ல கை வைக்க மாட்டாங்க. இந்தாங்க. இதுதான் அந்தப் பேப்பர். பச்சக் கோடு இன்னும் மங்கல பாருங்க. இதக் கிழிச்சுப் போடணும்னு பல தடவ எடுத்தேன். கிழிக்கல. ஏன்னு கேக்காதீங்க. இந்த ஒரு பேப்பர் இருந்தா அந்தப் பொண்ணு பக்கம் நியாயம்னு யார் பாத்தாலும் தெரிஞ்சிடும். கீழ அது கையெழுத்துல தேதி போட்டிருக்கு. எட்டு-ங்கறத ரெண்டு வட்டமா எழுதும். ஒண்ணு மேல ஒண்ணு.

போட்டோவா? இல்லம்மா, போட்டோ எடுக்காதீங்க. போன உள்ள வைங்க. உண்மையான முகவரி இருக்கு இல்ல அதுல. வெளிய போகக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும்.

குடுங்க, பைல்ல வச்சுடறேன்.

நீங்க சொல்றது புரியுது. இப்ப சொன்னதயெல்லாம் காரணம்கற இடத்துல நாலு வரியா எழுதிக் குடுத்தா அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்சிடும். புரியாம இல்ல. அப்பா இல்லாத பொண்ணுங்கறீங்க, அதுவும் எனக்குத் தெரியும், சேந்தப்ப அதோட அம்மாதான் கூட வந்தாங்க, வாசல்ல நின்னு எனக்குக் கும்பிடு போட்டாங்க. எழுதினா எனக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? உங்க ஏஜென்சிலேருந்து அந்தக் கம்பெனிக்குப் போகும். அங்கேருந்து எங்க டைரக்டர் காதுக்கு ஒரு வாரத்துல வந்துடும். இந்தத் தொழில்ல எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. அம்பத்தி நாலு வயசுல என்ன யாரு எடுப்பா? அப்படியே எடுத்தாலும், உங்கள மாதிரி ஒருத்தர் வந்து விசாரிப்பாங்க. அப்ப நான் யார் பேரக் குடுக்கறது?

பேனா இருக்கா? குடுங்க.

காரணம். எச்.ஆர். எழுதினதையே எழுதறேன். 'நிறுவன விதிமீறல், விதி எண் பதினேழு.' பொய் இல்லையே. மீறினது உண்மைதான.

இது, மறுபடி எடுப்பீர்களா. எடுப்பேன்மா. இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. என் இருபத்தஞ்சு வருஷத்துல ட்ரேஸ அந்தப் பொண்ணு மாதிரி படிக்கறவங்கள ரெண்டு பேரத்தான் பாத்திருக்கேன். 'ஆம்'. டிக் போட்டுட்டேன். பாருங்க, பெரிசாவே போட்டிருக்கேன். எனக்கு அது மேல ஒரு வருத்தமும் இல்லன்னு சொன்னேன் இல்ல.

என்ன யோசிக்கிறீங்க?

அப்படியா. விதிமீறல்னு காரணம் போட்டு, மறுபடி எடுப்பேன்னும் போட்டா, ரெண்டும் முரணா இருக்குன்னு கம்ப்யூட்டரே ஒதுக்கிடுமா. திரும்ப என்கிட்டயே அனுப்புவாங்களா, விளக்கம் கேட்டு. அதுக்குள்ள திங்கக்கிழம போயிடும். ரெண்டும் ஒத்துப்போகணும். சரிதான். ஒத்துப்போகாதத வச்சுக்கிட்டு யாரும் ஒரு முடிவுக்கு வர முடியாது, எங்க தொழில்லயும் அப்படித்தான்.

ஏதாவது ஒண்ண மாத்தணும்கறீங்க.

மேல இருக்கறத மாத்தறதுன்னா நாலு வரி எழுதணும். நான் சொன்னேனே.

கொண்டாங்க. இத அடிச்சிடறேன். 'இல்லை'ல போட்டுடறேன். அடிச்ச இடத்துல சின்னதா ஒரு கையெழுத்து போடணுமா? போட்டாச்சு. இப்பப் பாருங்க, ரெண்டும் ஒத்துப்போச்சா? அவ்வளவுதான். கீழயும் போட்டுட்டேன், தேதியோட.

அந்தப் பொண்ணப் பாத்தா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க. கெட்டிக்காரப் பொண்ணு, எங்க போனாலும் பொழச்சுக்கும்.

கிளம்பிட்டீங்களா? காப்பிய அப்படியே வச்சிருக்கீங்க. ஒரு வாய்தான் குடிச்சிருக்கீங்க போல. ஆறிடுச்சா? என்ன, சர்க்கரையே போடலையா?

தெரியலயேம்மா. நான் முழுசாக் குடிச்சிட்டேனே.